பக்கவாட்டு வாசல்

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. 1779இல் கட்டியது. ஊரில் சுவார்ட்ஸ் சர்ச் என்பார்கள். உள்ளே வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு புடைப்புச் சிற்பம். மரணப் படுக்கையில் மிஷனரி சுவார்ட்ஸ், அவர் கையைப் பிடித்தபடி மன்னர் சரபோஜி, அருகில் பிள்ளைகள். சுவார்ட்ஸ் 1798இல் காலமானார். இளம் வயதில் தனக்குக் காப்பாளராக நின்ற அந்த மனிதருக்காக, லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லி சரபோஜி செய்வித்த சிற்பம் அது.

இப்படிப்பட்ட ஒரு புடைப்புச் சிற்பத்தின் நேர் எதிரே நின்று, செல்போன் பிளாஷைப் போட்டுப் படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பலகையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது போல வரும். பிளாஷை அணைத்துவிட்டு, பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்போது எடுங்கள். துணியின் மடிப்பு, விரல்களின் இடுக்கு, கன்னத்தின் குழிவு எல்லாம் எழுந்து வரும். கல் அதே கல்தான். வெளிச்சம் வந்த திசை மட்டும் மாறியிருக்கிறது.

இதற்கான கணக்கை ஜெர்மன் மொழி பேசிய அறிஞர் யோகான் லாம்பர்ட் 1760இல் எழுதிவிட்டார். ஒரு பரப்பு வெளிச்சத்தை நேராகப் பார்த்து நின்றால் முழு ஒளியும் அதன்மேல் விழும். சாயச் சாயக் குறையும். எவ்வளவு குறையும் என்பதைச் சாய்வுக் கோணத்தின் கொசைன் சொல்லும். மூக்கின் இடது சரிவும் வலது சரிவும் தலா 30 பாகை சாய்ந்திருப்பதாக வையுங்கள். வெளிச்சம் நேர் எதிரிலிருந்து வந்தால் இரண்டு சரிவுக்கும் 87 சதவீதம் கிடைக்கும். இரண்டும் ஒரே அளவு என்பதால் எது எந்தப் பக்கம் சரிகிறது என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அதே வெளிச்சம் 60 பாகை ஓரமாக வந்தால் ஒரு சரிவுக்கு 87 சதவீதம், மறு சரிவுக்குச் சுழியம். நடுவில் தட்டையாக இருக்கும் பகுதிக்குப் பாதி. இப்போதுதான் அது மூக்கு.

மனித முகமும் ஒரு புடைப்புச் சிற்பம்தான். தேவாலயத்துக்குள் மணப்பெண்ணைப் படம் எடுப்பதில் உள்ள அறிவியலில் பாதி இந்த ஒரு கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

நம் பக்கத்தில் புகைப்பட வேலை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சாவூர், திருவையாறு படங்களை ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே நம் ஊர் இருக்கிறது, 'டிரிவாடி' என்று. திருவையாற்றை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் எழுதினார்கள். மெழுகு பூசிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்த காலம் அது. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். பெரிய கோவில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்லில் வெட்டிய எழுத்து என்பது நிழல்தான். பள்ளத்தில் நிழல் விழுந்தால் எழுத்து உண்டு, விழாவிட்டால் வெறும் கல். பிளாஷ் என்ற ஒன்று கையில் இல்லாத மனிதர் வெயிலின் சாய்வுக்குக் காத்திருந்துதான் ஆக வேண்டும். அந்தக் காத்திருப்பு இன்று நம் கல்யாண போட்டோக்களில் இல்லை என்பது என் வருத்தம்.

டெல்டாவில் தேவாலயங்களுக்குக் குறைவில்லை. திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டினால் திருமானூர், அதை அடுத்து வீரமாமுனிவர் பெயரோடு பிணைந்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவில். மேற்கே திருக்காட்டுப்பள்ளி அருகே பூண்டி மாதா பேராலயம். இவற்றுக்கு நடுவே வயலோரத்தில் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக்கூரையுமாக நிற்கும் சின்னச் சின்னக் கிராமத்துக் கோவில்கள். கல்யாணங்கள் பெரும்பாலும் இந்தச் சின்னக் கோவில்களில்தான் நடக்கின்றன.

காலை பத்தரை மணி வெயிலிலிருந்து அப்படி ஒரு கோவிலுக்குள் நுழைந்தால் சில நொடிகள் கண் தெரியாது. வெளியே நேர் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ். உள்ளே பீடத்தருகே 100 லக்ஸ் இருந்தால் பெரிது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். புகைப்படக்காரர்கள் ஒளி இரண்டு மடங்காவதை ஒரு 'ஸ்டாப்' என்பார்கள். அந்தக் கணக்கில் இது பத்து ஸ்டாப். நம் கண்மணியின் துளை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரைதான் விரியும். பரப்பளவில் அது 16 மடங்கு, அதாவது நாலு ஸ்டாப். மிச்சத்தை விழித்திரையின் செல்களே தங்களைக் கூர்மையாக்கிக்கொண்டு சமாளிக்கின்றன. முழு இருட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். சரபோஜி கண்நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்பேடுகளும் அவற்றோடு சேர்ந்த கண் ஓவியங்களும் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. கண் எத்தனை நுட்பமான கருவி என்பதில் அக்கறை காட்டிய ஊர் இது.

கண் செய்யும் இந்தச் சமாளிப்பு நமக்குத் தெரியாமலே நடப்பதால் ஒரு தொல்லை வருகிறது. பத்து நிமிடம் உள்ளே நின்ற பிறகு கோவில் நன்றாக வெளிச்சமாக இருப்பதாகவே தோன்றும். கேமராவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில் என் சித்தப்பா மகள் கல்யாணத்தை நான்தான் படம் எடுத்தேன். வெள்ளைப் பட்டு, தலையில் வெள்ளை வலை முக்காடு, கையில் வெள்ளைப் பூச்செண்டு. கேமரா சொன்ன அளவை நம்பி எடுத்தேன். படம் கழுவி வந்தபோது புடவை சாம்பல் நிறத்தில் இருந்தது. முகம் இருட்டிக் கிடந்தது. ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "அண்ணே, இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல், விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளைப் பட்டு 80 சதவீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும் என்று வையுங்கள். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் 'இவ்வளவு வெளிச்சம் ஆகாது' என்று அது நாலு மடங்குக்கு மேல் குறைத்துவிடும். இரண்டு ஸ்டாப். புடவை சாம்பலாகும், அதே இரண்டு ஸ்டாப் முகத்தையும் இறக்கிவிடும். மாநிறமோ கறுப்போ ஆன முகத்துக்கு இறங்க அவ்வளவு இடம் இல்லை. இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துத் திருத்துகின்றன என்றாலும், முக்காடு முகத்தை மறைக்கும்போது அவையும் தடுமாறும். முகத்தை மட்டும் அளந்து, புடவை வெளிறிப் போகாத எல்லை வரை ஒளியைக் கூட்டுவதுதான் வழி.

இதில் ஒரு பழைய அநியாயமும் கலந்திருக்கிறது. கோடாக் நிறுவனம் கலர் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைக்கு 'ஷர்லி கார்டு' என்று பெயர். அதில் பல காலம் இருந்தது வெள்ளைத் தோல் பெண் மட்டுமே. அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுப்புத் தோலின் நுணுக்கங்களை வாங்கும்படி பிலிமைத் திருத்த வைத்ததில், சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன குறைக்கும் பங்குண்டு. மனிதர்களுக்காக முன்பே நடந்திருக்க வேண்டிய திருத்தம் அது.

நம் தோல் வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தோலின் மேல் விழும் ஒளியில் மூன்று, நாலு சதவீதம் மேற்பரப்பிலேயே கண்ணாடியில் பட்டது போலத் திரும்பிவிடும். மிச்சம் உள்ளே போய்ச் சிதறி, ஒரு பகுதி மறுபடி வெளியே வரும். சலவைக்கல்லிலும் இதே சிதறல் உண்டு; நல்ல சலவைக்கல் சதைபோலத் தோன்றுவது அதனால்தான். தோலில் மெலனின் கூடினால் உள்ளே போன ஒளியை அது விழுங்கிக்கொள்ளும், வெளியே வருவது குறையும். மேற்பரப்பிலிருந்து திரும்பும் அந்த மூன்று, நாலு சதவீதம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே மாநிற, கறுப்பு முகங்களில் வடிவத்தைக் காட்டுவதில் மேற்பரப்பின் மினுமினுப்புக்குப் பெரிய பங்கு. கன்னத்து எலும்பின்மேல் ஓடும் அந்த மெல்லிய பளபளப்பு வெளிச்ச மூலத்தின் பிம்பமேதான். மூலம் தீப்பெட்டி அளவு பிளாஷாக இருந்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய்ச் சொட்டு போல வெள்ளைப் புள்ளிகள் விழும். மூலம் ஆளுயர ஜன்னலாக இருந்தால் கன்னம் முழுவதும் பட்டு விரித்தது போல ஓடும்.

மணப்பெண்ணை வெளுப்பாகக் காட்டவேண்டும் என்று முகத்தில் மூன்று பூச்சுப் பூசி, எதிரே பிளாஷ் போடுகிறார்கள். அந்தப் பூச்சுகளில் டைட்டானியம் டைஆக்சைடு இருந்தால் அது பிளாஷை அப்படியே திருப்பி அடித்து, கழுத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தம் இல்லாத ஒரு வெள்ளையைக் கொடுக்கும். கறுப்பு முகத்துக்குத் தேவை பூச்சு இல்லை, பெரிய ஜன்னல். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அந்தப் பெரிய ஜன்னல் எங்கே இருக்கிறது? பல கிராமத்துக் கோவில்களில் பீடத்துக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே ஒரு பக்கவாட்டு வாசல் இருக்கும். தண்ணீர் எடுக்க, பூ கொண்டுவர, கோயில்பிள்ளை போய்வர வைத்த வாசல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில், திருவையாற்றிலிருந்து வந்திருந்த வயதான போட்டோகிராபர் ஒருவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பீடத்தின் முன்னால் நின்ற மணப்பெண்ணிடம் போய், "பாப்பா, இங்க வேணாம்மா. இந்தப் பக்கத்து வாசல்கிட்ட வா. வெளியப் பாக்காத, கண்ணு கூசும். உள்ளார நிக்கிறாங்கல்ல அம்மா, அவங்களப் பாரு" என்றார். வாசலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே நிறுத்தினார். பிறகு தாய்மாமனைக் கூப்பிட்டு, தோளில் கிடந்த வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் விரித்து, மறுபக்கத்தில் பிடிக்கச் சொன்னார். இருண்டிருந்த கன்னத்தில் ஒளி ஏறியதை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. சினிமாக்காரர்கள் தெர்மாகோல் அட்டையை வைத்துச் செய்வதும் இதையேதான்.

அந்த 'இரண்டு எட்டு' சும்மா வந்ததல்ல. 2 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட வாசலை ஒரே சீரான ஒளிப்பலகையாக எண்ணிக் கணக்குப் போட்டால், அதிலிருந்து ஒரு மீட்டரில் கிடைக்கும் ஒளி இரண்டு மீட்டரில் பாதியாகும். இரண்டிலிருந்து நாலுக்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு. நாலிலிருந்து எட்டுக்குப் போனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. தூரம் கூடினால் இருட்டுவது மட்டுமல்ல. வாசல் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிவதால் நிழலின் விளிம்பும் கடினமாகும். வாசலோடு ஒட்டி நின்றாலோ, ஒரு கன்னத்துக்கும் மறு கன்னத்துக்கும் வித்தியாசம் மிகுந்துவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் என்பது மென்மையும் வடிவமும் சேர்ந்து கிடைக்கும் இடம்.

வாசல் வழியே வருவது வானத்து ஒளி மட்டுமல்ல. திருவையாறு ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. தவக்காலமும் ஈஸ்டரும் முடிந்து கல்யாணங்கள் மறுபடி தொடங்கும் ஏப்ரலில், நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே. ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்காது. முற்றத்துத் தரையில் பட்டுத் தெறித்து, கீழிருந்து மேலாக உள்ளே வரும். தாடைக்குக் கீழே வெளிச்சமும் கண்ணிமைக்கு மேலே நிழலும் விழுந்து முகம் கெடும். அந்த மாதங்களில் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடுவது நல்லது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்கு ஜன்னல் வழியே வெயில் கட்டங்கட்டமாகத் தரையில் விழும். அதற்குள் மணப்பெண்ணை நிறுத்தாமல் அதன் பக்கத்தில் நிறுத்தினால், வெயில் பட்ட தரையே ஒரு விளக்காகும்.

வயலையும் மறக்கக் கூடாது. மார்கழியில் பச்சைச் சம்பா நிற்கும்போது, தாழ்ந்த ஜன்னல் வழியே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். பயிரின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிவிட்டுப் பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைப் புடவையின் மடிப்பில் அது தெரிந்துவிடும். அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் தையில் அதே ஜன்னல் பொன்னிறமாக மாறும், மாநிற முகத்துக்கு அத்தனை பொருத்தமாக. இதோடு கோவில் டியூப் லைட்டும் எரிந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். மெழுகுவத்தியின் நிறவெப்பம் சுமார் 1,900 கெல்வின், பகல் வெளிச்சம் 5,500. இரண்டையும் கேமரா ஒரே நேரத்தில் வெள்ளையாக்க முடியாது. மெழுகுவத்தியை விட்டுவிடலாம், அது பொன்னாகத் தெரிவதே அழகு. டியூப் லைட்டைப் படம் எடுக்கும் ஐந்து நிமிடமாவது அணைக்கச் சொல்லலாம். அணைக்க முடியாதபோது ஷட்டரை நொடியில் நூறில் ஒன்றாகவோ ஐம்பதில் ஒன்றாகவோ வைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு ஓடும்.

தாலிக்கும் நகைக்கும் வேறு விதி. பட்டுபோல எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதில்லை தங்கம். தன் எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கிறது, நீலத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு. எதிரே இருட்டு இருந்தால் தங்கமும் கறுப்பாகத்தான் தெரியும். நகை மின்ன வேண்டும் என்று அதன்மேல் இன்னொரு விளக்கை அடிப்பதால் ஒரு புள்ளி எரியும், அவ்வளவே. அது பார்க்கும் திசையில் வெள்ளையான அகலப் பரப்பு ஒன்று இருந்தால் நகை முழுவதும் ஒளிரும். தாய்மாமன் பிடித்த வேட்டி அந்த வேலையையும் சேர்த்துச் செய்தது.

முக்காட்டு வலைக்கோ பின்னாலிருந்து ஒளி வேண்டும். முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் வலையின் ஒவ்வொரு நூலும் வெளுத்து, முகத்தின்மேல் பனி மூடியதாகிவிடும்.

பிளாஷே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மணப்பெண் 2 மீட்டரில், பீடம் 16 மீட்டரில் என்றால் பீடத்துக்குப் போய்ச் சேரும் பிளாஷ் ஒளி 64இல் ஒரு பங்கு. அதனால்தான் அத்தனை ஆல்பங்களில் பீடம் இருட்டுக் குகையாக இருக்கிறது. வீட்டில் செய்வது போலக் கூரையில் அடித்துத் திருப்பவும் முடியாது; கூரை பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒளி போய்த் திரும்புவதற்குள் ஓய்ந்துவிடும். திருப்பலி நடுவில் அது ஜெபிப்பவர்களுக்கு இடைஞ்சல் என்பது வேறு.

இனிப் படத்தின் அமைப்பு. பீடமும் தெரிய வேண்டும், பெண்ணும் தெரிய வேண்டும் என்று அகன்ற லென்ஸை மாட்டிக்கொண்டு கிட்டே போவதுதான் வழக்கம். செய்ய வேண்டியது நேர்மாறு. பெண்ணின் உயரம் 1.6 மீட்டர், அவளுக்கு 17 மீட்டர் பின்னால் 4 மீட்டர் உயரப் பீடம். 3 மீட்டர் தூரத்தில் நின்று எடுத்தால் பீடம் அவள் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமாகத் தெரியும். 9 மீட்டருக்குப் பின்வாங்கி, நீண்ட லென்ஸில் அவளை அதே அளவுக்குக் கொண்டுவந்தால் பீடம் கிட்டத்தட்ட அவள் உயரத்துக்கே எழுந்து நிற்கும். கோவில் வளரவில்லை, பார்க்கும் தூரம் மாறியதால் விகிதம் மாறியது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். மார்பளவு உயரத்தில் மட்டமாகப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். பின்னாலுள்ள சிலுவை தலையிலிருந்து முளைத்ததுபோல வராமலிருக்க ஓரடி நகர்ந்தால் போதும்.

கல்யாணத்துக்கு முன் திருமண ஓலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோவிலில் வாசிக்கப்படும். அவற்றில் ஒரு வாரம், கல்யாண நேரம் எதுவோ அதே மணிக்குக் கோவிலுக்குப் போங்கள். பங்குத்தந்தையிடம் சொல்லிப் பக்கத்து வாசலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பெண்ணோடு அவள் அம்மாவையும் கூட்டிப்போய், வாசலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே அந்த அம்மாவை நிறுத்தி, செல்போனிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள், பிளாஷ் இல்லாமல். அதை உங்கள் போட்டோகிராபரிடம் காட்டி, கல்யாணத்தன்று திருப்பலி தொடங்கும் முன் கால்மணி நேரம் அந்த வாசலுக்கென்று ஒதுக்கக் கேளுங்கள். வரும்போது ஒரு வெள்ளை வேட்டியும் எடுத்து வாருங்கள்.